அனுமதியின்றித் தீர்ந்த முதுகுவலி

உலக மருத்துவ வரலாற்றை எழுதப் போகிறவர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பெரம்பலூரில் மாடியில் இயங்கும் எங்கள் அலுவலகத்துக்கு அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்காவிட்டால் அந்த வரலாறு முழுமை பெறாது என்பதை மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உடற்பயிற்சியை ஒருவர் செய்ய, பலனை இன்னொருவர் அடையும் முறையை மனிதகுலத்துக்கு அளித்தவர் எங்கள் அதிகாரி கலைச்செல்வன் அவர்கள். அவருக்குக் கீழே கண்காணிப்பாளராக இருந்து அதைக் கண்ணால் கண்ட பாக்கியசாலி நான், சுரேஷ்குமார். எந்தத் துறை என்று மட்டும் கேட்காதீர்கள். நாங்களே பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் நினைவுபடுத்திக்கொள்கிறோம்.

சாருக்கு முதுகுவலி. கண்டவர்களுக்கும் வருகிற வலி அல்ல. பல வருடங்களாக நாற்காலியை விட்டு எழாமல் மக்கள் பணி ஆற்றியதால் வந்த ‘கடமை வலி’. அலுவலகத்தில் இன்னொரு முதுகுவலியும் இருந்தது. அது அலுவலக உதவியாளர் அங்கமுத்துவுடையது; தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஏறி வந்தது. அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. மேலிடத்தில் வலி இருக்கும்போது கீழிடத்திலும் வலி என்று சொல்வது மரியாதைக் குறைவு.

“ஐயா, கேனைக் கீழயே வச்சிட்டா வேணுங்கறவங்க எறங்கி வந்து புடிச்சுக்குவாங்க. எனக்கு இடுப்பு சுத்தமா முடியலைங்க,” என்று அங்கமுத்து ஒருமுறை வாய்விட்டுக் கேட்டார். “ரிட்டயர்டு ஆகறதுக்குள்ள படுத்த படுக்கையா ஆயிடுவேனோன்னு பயமா இருக்குங்க.”

“தண்ணி கீழ, ஆபீஸ் மேலயா? அப்பறம் நிர்வாகம் என்னாவறது?” என்றார் சார்.

அவ்வளவு ஆழமான கேள்வியை நான் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கேன் மாடி ஏறிக்கொண்டே இருந்தது.

இந்த நிலையில் திருச்சி டாக்டர் ஒருவர் சாரின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, மாத்திரையெல்லாம் போதும், இனிமேல் தினமும் முறைப்படி உடற்பயிற்சி செய்தால்தான் ஆச்சு என்று சொல்லிவிட்டார். உடனே அரியலூரிலிருந்து வெற்றிச்செல்வி என்ற பிசியோதெரபிஸ்ட் வரவழைக்கப்பட்டார். சின்ன வயது. சிமென்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு வரும் பஸ்ஸில் வந்து இறங்கி, சாரின் அறையில் பாயை விரித்தார்.

“மல்லாந்து படுத்துக்குங்க சார். முட்டிய மடக்கி, மெதுவா இடுப்பத் தூக்குங்க.”

சார் பாயைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தம் பதவியை நினைத்துப் பார்த்தார். பிறகு மணியடித்தார்.

“அங்கமுத்து, அந்தப் பொண்ணு சொல்றதச் செய்யி.”

முதல் நாள் நானும் அது வெறும் செய்முறை விளக்கம் என்றே நினைத்தேன். சிறியோர் புத்தி சிறியதுதானே. அடுத்த முறையும் சார் மணியடித்தபோதுதான் அதன் மகத்துவம் விளங்கியது.

“சார், வலி உங்களுக்கு. பயிற்சி அவருக்கா?” என்றார் வெற்றிச்செல்வி.

“ஏம்மா, ஜீப்ப ஓட்டறது டிரைவரு. போய்ச் சேர்றது யாரு?”

“நீங்க சார்.”

“லெட்டர் எழுதறது சுரேஷ்குமாரு. கையெழுத்து யாருது?”

“உங்களுது சார்.”

“அப்பறம் என்ன? அவன் செய்யட்டும். நான் பாத்துக்கறேன்.”

வெற்றிச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நம் பண்பாட்டை எடுத்துச் சொன்னேன். “பையன் பாஸாவணும்னு சிறுவாச்சூர் கோயில்ல அம்மாதானேம்மா உருளறாங்க? மார்க்கு அம்மாவுக்கா வருது?”

“அது சாமி சார். இது தசை.”

“தசையும் சாமி குடுத்ததுதாம்மா,” என்றார் சார். அறிவியலும் ஆன்மிகமும் கைகுலுக்கிக்கொண்ட அந்தக் கணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெற்றிச்செல்வி அதற்கு மேல் வாதாடவில்லை. பாயில் படுக்கும்போது அங்கமுத்துவின் முகம் சுருங்கியதை அவர் கவனித்திருக்க வேண்டும். “அண்ணே, மூச்சப் புடிக்காதீங்க. ரொம்ப வலிச்சா நிறுத்திருங்க,” என்று அவரிடமே நேராகப் பேச ஆரம்பித்தார். கேனை எப்படித் தூக்க வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்: முட்டியை மடக்கி உட்கார்ந்து, கேனை உடம்போடு அணைத்து, மெதுவாக எழ வேண்டும்.

பயிற்சி தினமும் நடந்தது. அங்கமுத்து முட்டிபோட்டுக் கையை ஊன்றி, ஒரு கையை முன்னால் நீட்டி, எதிர்க்காலைப் பின்னால் நீட்டுவார். சார் நாற்காலியில் அமர்ந்து மெதுவடையைக் கடித்தபடி மேற்பார்வை செய்வார்.

“இன்னும் நீட்டுய்யா. எனக்கு இங்க இழுக்கவே இல்ல.”

இப்படியே சில மாதங்கள் போயின. ஒருநாள் காலை சாரை நாற்காலியிலிருந்து எழுப்ப நான் ஒரு பக்கமும் டிரைவர் ஒரு பக்கமுமாக முயன்றுகொண்டிருந்தோம். அப்போது மாடிப்படியிலிருந்து ஒரு பாட்டுச் சத்தம் கேட்டது.

“யாருய்யா பாடறது?”

“அங்கமுத்து சார். கேனைத் தூக்கிட்டு வரார்.”

“கேனைத் தூக்கிட்டு ஏன் பாடறான்?”

“முதுகுவலி விட்டுருச்சாம் சார்.”

சார் மறுபடி நாற்காலியில் விழுந்தார். “யாரு முதுகுவலி?”

அன்று மதியமே ‘அவசர ஆய்வுக் கூட்டம்’ கூட்டப்பட்டது. அங்கமுத்து நின்றார். வெற்றிச்செல்வி சாட்சியாக அழைக்கப்பட்டிருந்தார்.

“நீ செஞ்சது யாரு பயிற்சி?” என்றார் சார்.

“ஐயாவோடதுங்க.”

“போனது யாரு வலி?”

அங்கமுத்து தலையைச் சொறிந்தார். “என்னுதுதாங்க. நான் வேணும்னு ஒண்ணும் பண்ணலைங்க. அது தானா போயிருச்சுங்க.”

“என்னைக் கேக்காம எப்படிய்யா போவும்?”

“சார், அவரு செஞ்சாரு, அவருக்குக் கொறஞ்சுது,” என்றார் வெற்றிச்செல்வி. “நீங்க செஞ்சா உங்களுக்கும் கொறையும். இப்பவே பாய விரிக்கட்டுமா?”

பாய் என்றதும் சார் பதறிவிட்டார். “பாயெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல நடந்த முறைகேட்டுக்கு வழி சொல்லுங்க.”

வழி சொன்னவன் நான் என்பதில் இன்றும் எனக்குப் பெருமைதான். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்ற கதையாக, அதிகாரிக்கு ஒதுக்கப்பட்ட பயிற்சியைச் சொந்த முதுகுக்குப் பயன்படுத்தியிருக்கிறார் அங்கமுத்து. ஆபீஸ் ஜீப்பைச் சொந்த வேலைக்கு எடுத்துப் போவதற்குச் சமமான குற்றம் இது. (சாரின் ஜீப் ஞாயிறுதோறும் அரும்பாவூர் மாமியார் வீட்டுக்குப் போவது வேறு. அது ‘கள ஆய்வு’.) ஆகவே, அங்கமுத்துவின் முதுகைப் ‘பழைய நிலைக்கு மீட்டெடுக்க’ வேண்டும் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாடியில் இருக்கும் பீரோக்களிலிருந்து பழைய கோப்புக் கட்டுகளையெல்லாம் கீழே இறக்கி, ஒட்டடை அடித்து, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். அங்கமுத்து மட்டும். குனியும்போது முட்டியை மடக்கக் கூடாது, ஏனென்றால் அந்த உத்தியும் அதிகாரிக்குச் சொந்தமானது.

“பாவம் சார் அந்த மனுசன். வலி விட்டதுக்குத் தண்டனையா?” என்று கெஞ்சினார் வெற்றிச்செல்வி.

“விட்டதுக்கு இல்லம்மா. அனுமதி இல்லாம விட்டதுக்கு,” என்றார் சார்.

வெற்றிச்செல்வி பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. இளைஞர்களுக்கு நிர்வாகம் புரிவதில்லை.

சாயங்காலம் கடைசிக் கட்டு மேலே போய்ச் சேர்ந்தது. அங்கமுத்து கீழே வந்து சேரவில்லை. பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். இடுப்பு விடவில்லை. மீட்டெடுப்பு முழு வெற்றி.

“சூப்பரண்டு சார்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எனக்குத் திரும்பி வந்துருச்சு. ஐயாவுக்கு இப்பவாச்சும் வலி விட்டுச்சாங்க?”

நியாயமான கேள்வி. நானே மாடி ஏறிப் போய்க் கேட்டேன். சாய்ந்து உட்கார முடியாமல் நாற்காலியில் ஒருக்களித்திருந்த சார், திறந்த கதவு வழியாகப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். மாதக்கணக்கில் நான் காணாத நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

“வலி அப்படியேதான்யா இருக்கு,” என்றார். “ஆனா இப்பத்தான் மனசு லேசா இருக்கு.”