யாருக்கும் தெரியாத கிராமம், இடப்பக்கம் திரும்பவும்

உலகம் தங்களைக் கண்டுபிடிக்காதா என்று ஏங்கிய ஊர்கள் வரலாற்றில் ஆயிரம் உண்டு. தன்னைத் தானே தொலைத்துக்கொண்டு புகழடைந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். இத்தாலியில் மொலீசே மாநிலத்தில் ஒரு மலைமேல் இருக்கும் ரொக்காமூத்தா. அந்தப் பெருமை முழுவதும் மேயர் எவாரிஸ்தோவையே சேரும்.

வெனிஸ் நெரிசலில் நசுங்கியவர்கள் இப்போது 'யாரும் போகாத' கிராமங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள் என்று அவர் எங்கோ படித்தார். உடனே ஊராட்சிக் கூட்டம். மலைப்பாதையில் இருந்த ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பிடுங்கிவிடுவதென்று தீர்மானம் வந்தது.

"பலகை இல்லேன்னா எப்படி வருவாங்க தலைவரே?" என்றார் உறுப்பினரும் காப்பிக்கடைக்காரருமான நூன்சியோ.

"வழி இல்லேன்னு தெரிஞ்சாத்தான்யா வருவாங்க."

"தபால்காரர்?"

"அவருக்குத்தான் வழி தெரியுமே."

"அவர் ரிட்டயர் ஆயிட்டாரு."

"பாத்தீங்களா, அமைதி ஆரம்பிச்சாச்சு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. செல்போன் கோபுரம் இயற்கைக்கு விரோதம் என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஊர்க்காரர்களின் கார்கள் சத்தம் போட்டதால் அடிவாரத்தில் நிறுத்தப்பட்டன. விருந்தினர் பேருந்துக்கு மட்டும் 'சிறப்பு விலக்கு'. சுற்றுலாக் கம்பெனியும் நன்றி மறக்கவில்லை. கஷ்கொட்டைக் காட்டுக்குள் சாலை பிரியும் முக்கில் ஆளுயரப் பலகை ஒன்றை நட்டது: 'யாருக்கும் தெரியாத கிராமம், இடப்பக்கம் திரும்பவும்.' அதைப் பார்த்து எவாரிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் மனைவி லொரெட்டா அப்போது நிறைமாதம். ஊரில் தொட்டில் ஆடிப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை பிறந்ததும் வெட்டுவதற்காக நூன்சியோ பன்றித்தொடை ஒன்றை உப்பிட்டுத் தொங்கவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு ஞாயிறு மதியம் வலி கண்டது. எவாரிஸ்தோ ஊராட்சித் தொலைபேசியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். வருகிறோம் என்றார்கள். வரவில்லை. லொரெட்டாவின் உதடு வெளுத்தது. மேயர் சதுக்கத்தில் நின்ற சுற்றுலாப் பேருந்தை நோக்கி ஓடினார்.

வழிகாட்டி காஸ்பரே விருந்தினரோடு பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வண்டிய எடுக்கச் சொல்லுப்பா, ரொம்ப அவசரம்."

"இன்னும் பாலாடைக்கட்டி வரலியே சார். அதோட..." என்று அவன் மேயரே எழுதிய பிரசுரத்தைப் பிரித்தான். "'அவசரம் என்ற சொல்லே இங்கு கிடையாது.' இவங்க அதுக்குத்தானே காசு கட்டியிருக்காங்க?"

பாலாடைக்கட்டி வந்தது. பழம் வந்தது. காப்பியும் வந்தது. அதற்கப்புறம்தான் லொரெட்டாவை ஏற்றிக்கொண்டு பேருந்து கிளம்பியது. முக்கில் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது.

"பலகை கண்ணுல படலையா?" என்று கத்தினார் மேயர்.

"பட்டுது," என்றார் ஓட்டுநர். "யாருக்கும் தெரியாத கிராமம்னு போட்டிருந்துச்சு. நான் தேடுனது ரொக்காமூத்தா. அது எனக்குப் பேர் தெரிஞ்ச கிராமமாச்சே."

ஆம்புலன்சுக்கு மாற்றிய கொஞ்ச நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். தொண்டை கிழிய அழுதது. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஓட்டுநரோடு வந்த நர்சின் புண்ணியம்.

எவாரிஸ்தோ ஏறப் போனார். லொரெட்டா கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வராதே. ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் நேரா அம்மா வீட்டுக்குத்தான் போறேன். அங்க தெருவுக்குக்கூடப் பேர் எழுதி வச்சிருக்காங்க."

"எப்போ திரும்பி வருவே?"

"டாக்டர் வழி கேக்காம உங்க ஊருக்கு வர்ற அன்னிக்கு."

கதவு சாத்திக்கொண்டது. அழுகைச் சத்தம் வளைவு வளைவாக இறங்கித் தேய்ந்து, பிறகு கேட்கவேயில்லை. காட்டில் அப்படியொரு நிசப்தம்.

பேருந்திலிருந்து இறங்கி நின்ற ஓர் அம்மாள் பரவசத்தோடு மேயர் பக்கம் வந்தாள்.

"எங்க ஊர்ல எந்நேரமும் பிள்ளைங்க சத்தம் சார், தலைவலி. உங்க ஊருக்குள்ள ஒரு குழந்தைச் சத்தம்கூடக் காதுல விழலை. எப்படி இதச் சாதிச்சீங்க?"

எவாரிஸ்தோ வெறும் சாலையைப் பார்த்தார்.

"அனுப்பிட்டோம்," என்றார்.