காற்றை அறுத்த சத்தம்

பெய்ஷென் பொய் சொல்லி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. மரம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

நேற்று காலை ஒன்பது மணிக்கு அவர் சொன்னது இவ்வளவுதான். "நுனியை வெட்டியாச்சு. இழுங்க."

புயலில் விழுந்த ஊசியிலை மரம் அது. முந்நூறு வயதுக்குக் குறையாது. அடிப்பக்கம் மேலே வண்டிப்பாதை ஓரம் கிடந்தது. உடல் சரிவில் இறங்கி, புதருக்குள் நுழைந்து, பனிமூட்டத்தில் மறைந்தது. நுனி கீழே எங்கோ, ஆறு இரைகிற திசையில்.

ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மலை மேய்ச்சலுக்குப் போக வேண்டிய ஆயிரத்து இருநூறு ஆடுகள் இக்கரையில் நின்றன. கரையில் புல் தீர்ந்துகொண்டிருந்தது, ஆறு தினமும் ஏறிக்கொண்டிருந்தது. பாலத்துக்குப் போட இந்த ஒரு மரத்துக்குத்தான் நீளம் போதும். சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து தருவதாக ஆட்டுக்காரர்களிடம் வாக்குக் கொடுத்தவர் பெய்ஷென்.

வேரை மற்றவர்கள் அறுத்தார்கள். நுனி அவர் பங்கு. கிளைகளோடு இழுத்தால் பாறைக்குப் பாறை மாட்டிக்கொள்ளும். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மேலேயே நடந்து இறங்கினார். இருபது எட்டு வைத்தார். முப்பது. மரம் முடியவில்லை. பிசின் மணம் மூக்கை அடைத்தது. ஊசிகள் பச்சை மாறாமல் நீர் சொட்டின. மூட்டத்துக்குள் அது போய்க்கொண்டே இருந்தது.

முப்பது வருடமாக மரம் அறுப்பவருக்கு அன்று கால் வரவில்லை. பெரிய மனிதர் ஒருவர் படுத்திருக்கும் அறைக்குள் சேற்றுக் காலோடு நுழைந்துவிட்டது போலிருந்தது. நின்ற இடத்திலேயே ரம்பத்தை முடுக்கி, ஐந்து நிமிடம் காற்றை அறுத்தார். பிறகு மேலே வந்தார்.

யாரும் போய்ப் பார்க்கவில்லை. மூத்தவர் செய்த வேலையை இளையவர்கள் சரிபார்ப்பது அவர் முகத்தில் துப்புவது போல. அந்த மலையில் அப்படிச் செய்தவர் கிடையாது.

முதலில் குபாத் தன் லாரியைக் கொண்டுவந்தான். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற வண்டி, ஆறு சக்கரமும் இழுக்கும். இரும்புக் கயிற்றை மாட்டி முடுக்கினான். மரம் லேசாகச் சிலிர்த்தது. அவ்வளவுதான். லாரி அச்சு வரை சேற்றில் இறங்கியது.

டிராக்டர் ஓட்டும் தெமிர்குல் சுற்றி வந்து பார்த்தான். "பென்ஷன் வாங்கின வண்டின்னு தெரியும்டா. இப்படி உக்காந்துக்கும்னு தெரியாது."

"உன் டிராக்டரைக் கொண்டா பாப்போம்" என்றான் குபாத்.

சங்கிலிச் சக்கர டிராக்டர் லாரியை மீட்க வந்தது. வழுக்கிக்கொண்டே போய் ஓர் ஊற்றுக்குழியில் அரைவாசி அமர்ந்தது. குபாத் பதிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் குடித்தான். அது போதுமானதாக இருந்தது.

குற்றவுணர்ச்சி தாங்காமல் பெய்ஷென் வீட்டுக்கு ஓடினார். ஜானில் என்ற அவர் மனைவி இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்த கம்பளி விரிப்பைச் சொல்லாமல் எடுத்துவந்து சங்கிலிக்கடியில் கொடுத்தார். டிராக்டர் அதை ஒரே வாயில் விழுங்கியது. விரிப்பு பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, முன்னால் போக முடியாத வண்டி இப்போது பின்னாலும் போக முடியாததாயிற்று.

இன்று காலை வன நிலையத் தலைவி புருல் ஜீப்பில் வந்தார். பல்கலைக்கழகத்தில் படித்தவர். மரத்தின் சுற்றளவை அளந்து நோட்டில் மூன்று முறை கணக்குப் போட்டார். நுனி போக ஒன்பது டன், மூன்று வண்டியும் சேர்ந்தால் பதினைந்து டன் இழுக்கும், வராமல் இருக்க முடியாது என்றார். அவர் "நுனி போக" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் பெய்ஷென் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

கம்பளியை வெட்டி எடுத்தார்கள். ஜீப்பிலிருந்து டிராக்டருக்கும், டிராக்டரிலிருந்து மரத்தோடு மாட்டிய லாரிக்கும் கயிறு போட்டு, மூன்றையும் ஒரே நேரத்தில் முடுக்கினார்கள்.

சரிவு முழுக்க அதிர்ந்தது. மரத்தின் அடி தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. அது அப்படியே சிறிது நேரம் நின்றது. பிறகு மெல்ல, அவசரமில்லாமல், மறுபடி படுத்துக்கொண்டது. ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து அதுவும் சேற்றில் சேர்ந்தது.

குபாத் எஞ்சினை அணைத்தான். மற்றவையும் அணைந்தன. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

தெமிர்குல் தொப்பியை எடுத்துவிட்டு, இந்த மரத்துக்கு ஓர் ஆடு பலி கொடுத்தாக வேண்டும் என்றான். புருல் சிரிப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நோட்டை மூடி, கொடுக்கலாம் என்றார். அதற்கு முன் கூட்டத்தில் மூத்தவர் உள்ளங்கைகளை மேல்நோக்கி விரித்து வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

பெய்ஷென் கை விரித்தார். மற்ற மூவரும் விரித்தார்கள். விரித்த கையோடு பொய்யைச் சுமக்க அவருக்குத் தெரியவில்லை.

"நான் நுனியை வெட்டலை" என்றார்.

கைகள் விரிந்தபடியே இருந்தன. வாழ்த்து முடியாமல் கையை மடக்கக் கூடாது.

"பாதிக்கு மேல இறங்கவே இல்ல. பயம்னு சொல்ல முடியாது. அவ்வளவு பெருசா இருந்துச்சு."

"அப்ப அந்தச் சத்தம்?" என்று கேட்டான் குபாத்.

"காத்தை அறுத்தேன்."

குபாத் மரத்தைப் பார்த்தான்.

புருல்தான் முதலில் கையை இறக்கினார். நோட்டைத் திறந்து நுனியையும் சேர்த்துக் கூட்டினார். நெடுநேரம் அந்த எண்ணையே பார்த்தார்.

"நுனியோட சேர்த்தாலும் பன்னெண்டு டன்தான், அண்ணே" என்றார் மெதுவாக. "அப்பவும் வந்திருக்கணும்."

நான்கு பேரும் மரத்திலிருந்து ஓர் எட்டு பின்னால் நகர்ந்தார்கள்.

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து, மரத்தின் மேலேயே நடந்து, ஒருத்தி ஏறி வந்தாள். ஆட்டுக்காரி ஜூரா. முழங்கை வரை சேறு, விரல்களில் ரத்தக் கீறல். முறைப்படி முதலில் மூத்தவருக்கு வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லாரும் சுகமா, மாடு கன்று சுகமா என்று விசாரித்தாள். பெய்ஷென் எல்லாம் சுகம் என்றார்.

"அப்ப ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்தி வைங்க அண்ணே" என்றாள். "நீங்க இழுக்க இழுக்க, அக்கரையில நுனி மேல பாறையா அடுக்கி எங்க கையே போச்சு. இன்னும் முந்நூறு ஆடுதான், இந்த மரத்து மேல ஆத்தைத் தாண்டணும்."