டைப்பிஸ்ட் அக்கா கட்டிய வண்டி

இதை எழுதலாமா, கூடாதா என்று வருஷக்கணக்காக யோசித்துவிட்டேன். பேப்பரை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், சாமி சந்தனத்தைக் கேலி பண்ணிவிட்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து மடித்து வைத்துவிடுவேன். ஆனால் போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்கார அம்மா இந்தக் கதையை என்னிடமே சொன்னார். ஏகப்பட்ட தப்பு. கூடவே இருந்தவள் நான். இனியும் சும்மா இருப்பது சரியில்லை.

டெல்லிப் பட்டணத்தில் எத்தனையோ பெரிய மூளைக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வெங்காயப் பெட்டியிலிருந்து கார் செய்தது எங்கள் டைப்பிஸ்ட் அக்கா ஒருத்திதான்.

ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு நேர் மேல் வீடு அவளுடையது. சர்க்கார் ஆபீஸில் டைப் அடிக்கிற உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்பட்டதில்லை. விரல் சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக் கம்பியில் அடிப்பாள். மலை மந்திர் முருகன் கோயில் வரிசையில் முன்னால் நிற்கிறவர் முதுகில் அடிப்பாள். அவர் திரும்பி முறைத்தால், "கோவிச்சுக்காதீங்க சார், முருகன் பேரைத்தான் அடிச்சேன்" என்பாள்.

அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். ஆபீஸ் கார் டிரைவர். வெள்ளை அம்பாசடர். வேலை பார்த்த காலமெல்லாம் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. மற்றவர்கள் பட்டம் வாங்கினதைச் சொல்கிற மாதிரி அவர் அதைச் சொல்லுவார். ஒருநாள் கண் பரிசோதனையில் ஒரு கண் தேறவில்லை என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு, உட்காருங்கள் என்றார்கள். அவ்வளவுதான், மனுஷர் பேச்சை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்ப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார்.

அக்கா அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் விரல் அடிப்பதை நிறுத்திவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கறிவேப்பிலை வாங்க முனிர்கா மார்க்கெட்டுக்குப் போனவள் ஒருநாள் மூச்சிரைக்க வந்தாள்.

"தங்கச்சி, அங்க ஒரு வீடியோ கேம் கடை. பயலுக டிவி முன்னால உக்காந்து நிஜ ஸ்டீரிங்கைப் பிடிச்சுக் கார் ஓட்டுறானுக. இடிச்சா ஒருத்தருக்கும் அடிபடல. லைசென்ஸ் கேக்கல. கண்ணு டெஸ்ட் இல்ல!"

"அண்ணனை அங்கே கூட்டிட்டுப் போங்களேன் அக்கா."

"பயலுகளோட வரிசைல நிக்கச் சொல்றியா? அவர் கவர்மென்ட் டிரைவர். வண்டி வாசலுக்கு வரணும்."

அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதுவும் சாதாரணமானது போதாது, விளையாட்டுக்கென்று தெம்புள்ளது வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். முழுசாக வாங்க வழியில்லை. "முழு சேலை எடுக்க முடியலைன்னா துண்டு துணி வாங்கித் தைக்கிறதில்லையா?" என்று, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற நேரு ப்ளேஸுக்கு பஸ் ஏறினாள்.

முதலில் வாங்கியது எது தெரியுமா? வெறும் பெட்டி. உள்ளே ஒன்றும் கிடையாது. அதுதான் மலிவாம். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவளிடம் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். அக்கா தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்து மூடி, "டிபன் பாக்ஸ் ஹை, பையா!" என்றிருக்கிறாள்.

மற்ற சாமான் வாங்கக் காசு சேரும்வரை பெட்டி சும்மா இருக்குமா? அதில் வெங்காயம் போட்டு வைத்தாள். "நல்லா ஓட்டை ஓட்டையா இருக்கு பாரு. காத்தோட்டத்துக்கு இதைவிட என்ன வேணும்?" மாசக்கணக்கில் அந்த வீட்டுச் சாம்பாருக்கு வெங்காயம் கம்ப்யூட்டருக்குள்ளிருந்துதான் வந்தது. அக்கா வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதாமே என்று பார்க்க வந்தவர்கள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கிளம்பிப் போனார்கள்.

படம் நன்றாக ஓடுவதற்கென்று ஒரு கார்டு உண்டு. அதன் விலையைக் கேட்டு அக்காவே கொஞ்சம் அசந்துதான் போனாள். ஆனால் அதை விற்கிற நேரு ப்ளேஸ் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற விலைப்பட்டியலை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"தள்ளுங்க பையா" என்று உட்கார்ந்தாள். அப்புறம் சனிக்கிழமை தோறும் அந்தக் கடையில் அவள் டைப் அடிப்பாள், கடைக்காரர் சாமானில் தள்ளிக் கொடுப்பார் என்று ஏற்பாடு. பழைய டைப்ரைட்டர் பழக்கம், ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிக்கிற மாதிரி அடிப்பாள். "ஆன்ட்டிஜி, ஆராம் சே, மெதுவா! கீபோர்டு உடைஞ்சிடும்!" என்று இந்தியில் பதறுவாராம் அந்த மனுஷர். அவர் வயது அக்காவின் வயதில் பாதி இருக்கும். இருந்தாலும் அக்காவுக்கு அவர் அண்ணன்தான், பையா.

இப்படியே கண்டக்டர் கண்ணில் படாமல் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்து ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டீரிங் கடைசியில் வந்தது. முனிர்கா வீடியோ கேம் கடையை மூடினபோது, பயல்கள் திருகித் திருகி ஆட்டம் கண்டுபோன, கால் பெடலோடு சேர்ந்த ஒரு ஸ்டீரிங்கை யாரும் சீந்தவில்லை. அக்கா அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் எதையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழிந்ததும் எல்லாவற்றையும் பெட்டிக்குள் சேர்த்துப் பூட்டுவது என்று முடிவாயிற்று. வெங்காயத்தை முறத்தில் கொட்டினோம். எப்படிப் பூட்டுவது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்து, கார் விளையாட்டையும் ஏற்றித் தந்திருந்தார். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி ஒரு வில்லை இருக்கிறது, அது கொதிக்கும், அதன் தலையில் இந்தப் பசையைத் தடவி மேலே மின்விசிறியை வைக்க வேண்டும் என்று சின்னக் குழாய் ஒன்றும் தந்திருந்தார். அக்கா அதைப் பிதுக்கி முகர்ந்து பார்த்தாள்.

"சீச்சீ. என்ன கண்றாவி இது? தங்கச்சி, உங்க வீட்ல மலை மந்திர் சந்தனம் இருக்குல்ல?"

"அக்கா, அது அபிஷேகச் சந்தனம். மிஷினுக்குப் போய்..."

"சூடு தணியத்தானே இதைத் தடவச் சொல்றான்? சந்தனத்தை விடக் குளிர்ச்சி உலகத்துல உண்டா? முருகனுக்கே அதைத்தானே சாத்துறாங்க. அவர் கோவிச்சுக்குவாரா, சொல்லு."

மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அந்த வில்லையின் நெற்றியில் அக்கா பட்டையாகச் சாத்தினாள். அழகாகத்தான் இருந்தது.

பட்டனை அமுக்கினாள். விர்ரென்று சத்தம். பின்பக்கத்திலிருந்து வெங்காயச் சருகு பறந்து வந்து எங்கள் தலையில் விழுந்தது. வீடு முழுக்க சந்தன வாசனை. திரையில் பளபளவென்று ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. நான் சூடம் ஏற்றப் போனேன், அக்கா தடுத்துவிட்டாள்.

அண்ணனைக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. தானே உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தாள். ஐயோ, அந்த ஓட்டலை என்னவென்று சொல்ல! சுவரில் இடித்தாள், மரத்தில் இடித்தாள், எதிரே வருகிற கார்களை எல்லாம் தேடித் தேடி இடித்தாள். நொறுங்குகிற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஜன்னலோரத்தில் ஒரு முதுகு நெளிந்தது. மறுபடி ஒரு இடி. மறுபடி நெளிந்தது.

"ஏய், வண்டி ஓட்டுறியா, வறட்டி தட்டுறியா? பிரேக்கைப் பிடிடி!"

அண்ணன் குரல். எத்தனை மாசத்துக்கு அப்புறம்! நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரும்பவே இல்லை. எதிரே வந்த ஒரு லாரியைப் பார்த்து வண்டியை விட்டாள்.

"எந்திரி. எந்திரிங்கிறேன்ல."

உட்கார்ந்தார். முதலில் நாற்காலியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரி செய்தார். மேலே கை போனது, அங்கே இல்லாத கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பெடல் மொசைக் தரையில் வழுக்கியது. அக்கா ஓடிப்போய் அம்மிக்கல்லை இழுத்து வந்து பின்னால் முட்டுக் கொடுத்தாள். கையை ஸ்டீரிங்கில் வைத்தார். ஒரு வளைவு திரும்பியிருக்க மாட்டார், திரை கறுத்துவிட்டது.

சந்தனம் காய்ந்து சூடு ஏறி மிஷின் படுத்துவிட்டது என்று அன்றைக்கு எங்களுக்கு எங்கே தெரியும்? சாமி குத்தம் என்றே நினைத்தேன். அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டால் இனிமேல் திரும்ப மாட்டார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அண்ணன் எழுந்தார். ஜன்னலுக்குப் போகவில்லை. குனிந்து பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடாயிருக்கு. ரேடியேட்டர் எங்க?"

அக்கா மூடியைக் கழற்றிக் காட்டினாள். "தண்ணி காஞ்சு போச்சு" என்றார் டாக்டர் மாதிரி. "காலைல பாக்காம வண்டி எடுப்பாங்களா? கொஞ்சம் ஆறட்டும்." அங்கேயே தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். ஆறினதும் அவரே சந்தனத்தைக் குழைத்தார்.

அதற்கப்புறம் தினம் காலையில் குளித்துவிட்டு மஞ்சள் துணியால் பெட்டியைத் துடைத்து, சந்தனம் மாற்றி, விசிறியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் காபி. அந்தச் சந்தனத்தில் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். அண்ணனும் டீ குடிக்க நிறுத்துவார். வண்டிக்கு இளைப்பாறல் வேண்டும் என்பார். ஒருநாள் சாமான் கொடுக்க வந்த நேரு ப்ளேஸ்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஆன்ட்டிஜி, யே க்யா ஹை? பூஜா?" இதென்ன, பூஜையா என்கிறார். துடைத்துவிட்டுச் சரியான பசையைத் தடவினார். பிறகு அது நிற்கவே இல்லை. ஆனாலும் அண்ணன் காலையில் பார்ப்பதை விடவில்லை. பெட்டிக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு எடுப்பார்.

அவர் ஓட்டுகிற அழகைச் சொல்ல வேண்டும். அது பந்தய விளையாட்டு. கொடி அசைந்ததும் மற்ற கார்களெல்லாம் அம்பு மாதிரி பறக்கும். அண்ணன் வலமும் இடமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கிளப்புவார். பின்னால் எவனாவது வந்தால் ஓரம் கட்டி வழி விடுவார்.

"அண்ணே, முந்துங்கண்ணே!" என்று எங்கள் வீட்டுக்காரர் துடிப்பார்.

"அவன் அவசரமாப் போறான், போகட்டும். நம்ம வண்டில பின்னாடி ஆபீசர் சாப் இருக்காரு."

ஒவ்வொரு முறையும் கடைசிதான். தோற்றுவிட்டாய் என்று திரையில் சிவப்பாக எழுத்து வரும். அண்ணன் அதைப் பார்க்கவே மாட்டார். காரைத்தான் பார்ப்பார். "கீறல் இருக்கா பாரு" என்பார் அக்காவிடம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இல்லைங்க" என்பாள். அப்போது நான் கவனித்தேன். நாற்காலியின் முதுகில் அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன.

அக்கா ரிட்டயர் ஆனதும் இருவரும் திருச்சிப் பக்கம் போய்விட்டார்கள். ரயிலில் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு பெர்த், அக்கா கீழே கால் நீட்டி உட்கார்ந்து போனாள். இப்போது இரண்டு பேருமே முருகன் திருவடியில்.

அவள் வேண்டுமென்றேதான் அன்றைக்கு அப்படி இடித்தாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள், ஆனால் நான் சொன்னபடியே சொல்லுங்கள். கல்யாணத்தில் அந்த அம்மா சொன்ன மாதிரி, சாமி சந்தனத்தால் மிஷின் காலாகாலத்துக்கும் ஓடியது என்று சேர்க்காதீர்கள். அது கொஞ்ச நேரம்தான் ஓடியது. முருகன் செய்ய நினைத்ததற்கு அந்தக் கொஞ்ச நேரம் போதுமானதாக இருந்தது. அப்புறம், பிரியத்தில்கூட அண்ணனைப் பந்தயத்தில் முதலாவதாக வரவைத்துவிடாதீர்கள். அவர் கடைசியாகத்தான் வந்தார், ஒரு கீறல் இல்லாமல். பார்த்துச் சொல்ல அக்கா இருந்தாள்.