மாமாவுக்கு வைத்த ஸ்டேட்டஸ்

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இது தெரிந்தும் நான் சொன்னேன். அதுவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்.

வங்கித் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்றிருந்த நேரம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். “இன்னொரு வாட்டி எழுதட்டும், வுடுங்க” என்று எனக்காகப் பேசிய ஒரே ஆள், திண்டிவனத்தில் மல்லாட்டை (அதுதான், வேர்க்கடலை) வியாபாரம் செய்யும் என் தாய்மாமா. அவரும் கைவிட்டால் அடுத்தது கல்யாணப் பத்திரிகைதான்.

அப்போதுதான் ஒரு வீடியோ பார்த்தேன். தினமும் ஒருவருக்கு மனதார நன்றி சொன்னால் எந்த அடியையும் தாங்கும் மனது வந்துவிடுமாம். (பாதி கேட்டதுமே கிளம்பிவிடும் வியாதி எனக்குப் பிறவியிலிருந்தே உண்டு.) முதல் நன்றி மாமாவுக்கு. அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைச் சுற்றி மல்லிகைப்பூ ஃப்ரேம். கீழே, “நீங்கள் செய்ததை என்றும் மறவேன் மாமா.” பக்கத்தில் கூப்பிய கைகள், ஓர் அகல்விளக்கு. (பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்!) போட்டுவிட்டு, விழுப்புரத்தில் கோச்சிங் வகுப்புக்குள் நுழைந்து போனை அணைத்தேன்.

மதியம் திறந்தால் வரிசையாக ‘ஆழ்ந்த இரங்கல்’. யாருக்கு என்று பார்த்தால், மாமாவுக்கு! நேற்றுவரை நன்றாக இருந்த மனிதர்! திண்டிவனம் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். நல்லவேளை, காலையிலேயே நன்றி சொல்லிவிட்டோம் என்று நடுவில் என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மாமா தெருவுக்குள் நுழைகிறேன், மயிலத்துச் சித்தி ஆளுயர மாலையோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். ஒரு காதுகுத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று வருஷக்கணக்காக மாமாவோடு பேசாதவள். “அண்ணா, என்ன வுட்டுட்டுப் பூட்டியே!” என்று அவள் ஆரம்பிக்க, நானும் சேர்ந்துகொண்டேன்.

சத்தம் கேட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா ஓடிவந்தார்.

“யாரும்மா பூட்டது? எப்போ எடுக்கறாங்க?”

சித்தியின் கையிலிருந்து மாலை நழுவியது. “நீதான்னு இவ ஸ்டேட்டஸ் வெச்சிருக்காளே!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தேர்வு, கோச்சிங் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

“இன்னாத்த எழுதித் தொலைச்ச? படி” என்றார் மாமா.

போனை எடுத்துப் படித்தேன்.

மாமா தோளிலிருந்து துண்டை எடுத்தார். “இன்னொரு வாட்டி படி.”

படித்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சித்தி பக்கம் திரும்பினார். “வந்தது வந்துட்ட. உள்ள வா, சாப்ட்டுட்டுப் போ.”

“இப்பவாச்சும் ஒழுங்கா கூப்புட்டியே” என்று முறைத்துக்கொண்டே சித்தி செருப்பைக் கழற்றினாள்.

அந்தத் தேர்வில் மூன்றாம் முறையும் தோற்றேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தவளைத் தேடி மாமா வந்தார்.

“நானே செத்துப் பொழைச்சி வந்து மூட்டை தூக்கிக்கினு கீறேன். ஒரு பரீட்சைக்கு இன்னாத்துக்குப் படுத்துக்கினு கீற? ஏந்திரு!”

அழவேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன். எழுந்தும்விட்டேன். இப்போது எங்கள் வீட்டில் வண்டி பஞ்சரானாலும், பால் திரிந்தாலும், சம்பந்தம் தட்டிப்போனாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்: “மாமாவே பொழைச்சி வந்துட்டாரு, ஏந்திரு!”