மாப்பிள்ளை வீட்டாருக்குக் கிண்டிய புட்டிங்

ஊரப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் வாழும் என் தம்பி பெண்டாட்டி ரேணுகாவுக்கு, செய்யூரிலிருந்து நாத்தனார் வேண்டா எழுதுவது. இங்கே நான், நீ அண்ணன் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர், மாடு, கன்று நால்வரும் சுகம். திவ்யா சுகமா என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பெற்றவளோடு அவள் பேசுவதில்லை. நீயும் போனை எடுப்பதில்லை. அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு வைத்த பேனாவைத் திரும்ப எடுத்தேன். எழுத்து புரியாவிட்டால் மோகனைக் கேள், என் தம்பி எழுத்தும் இப்படித்தான் இருக்கும்.

உங்கள் அபார்ட்மெண்டு கார்த்தியை நீதான் மாப்பிள்ளை பார்த்தாய். போட்டோவைப் பார்த்ததுமே திவ்யா, "இவர் இல்லன்னா எனக்கு யாரும் வேணாம்மா" என்றுவிட்டாள். நானும் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரி கிண்டி, பஜ்ஜி போட்டு அனுப்பியிருப்பேன். "இன்னா அண்ணி, கேசரியெல்லாம் இப்ப யாரு துன்றாங்க? கார்த்தி அம்மா டீசன்ட்டான பொம்பள. புட்டிங் பண்ணுங்க" என்றது நீ. கல்யாணமான புதிதில் வெந்நீரையே அடிப்பிடிக்க வைத்தவள் சொன்னதை நம்பினேன் பார், அது என் புத்தி.

"பாலு, சக்கர, கான்ஃப்ளவர். சிம்ல வெச்சி கைவுடாம கிண்டிகினே இருங்க. கரண்டி முதுகுல ஒட்டுச்சின்னா எறக்கிடுங்க" என்றாய். பாக்கெட் பால் வாங்கித் தூக்குவாளியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தேன். உன் அண்ணன் தனகோடி அதை டீ போட்டுக் குடித்துவிட்டு, அதே தூக்குவாளி நிறைய வேறு பால் ஊற்றி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது, ஊற்றிவிட்டேன். மஞ்சளாக இருந்தது, சரி, டவுன் கலர் தானாக வருகிறது என்று பூரித்துப்போனேன். கரண்டி முதுகில் ஒட்டும் என்றாயே, அந்தப் பால் கரண்டியையே கவ்விக்கொண்டது. இழுத்தால் பாத்திரமும் கூடவே வருகிறது.

"யோவ், இது இன்னா பாலுய்யா?"

"சீம்பாலுமே! முந்தா நாளு கன்னு போட்ட மாடு. மாப்ள வூட்டுக்காரங்களுக்கு பாக்கெட் பாலா குடுப்பாங்க?"

சீம்பால் சூடு பட்டால் கட்டியாக இறுகும் என்பது ஊரப்பாக்கத்துக்காரி உனக்கு மறந்திருக்கும். வேறு பால் வாங்கி வரலாமென்றால் அதற்குள் வாசலில் கார் சத்தம். வேறு வழியில்லாமல் கத்தியால் வில்லை போட்டு, மேலே முந்திரி குத்தி, கிண்ணத்தில் கொடுத்தேன். கார்த்தி ஸ்பூனால் அழுத்தினான். வில்லை எகிறி அவன் அம்மா மடியில் போய் உட்கார்ந்தது.

"இன்னாங்க இது?" என்றார் அந்தம்மா.

"புட்டிங்குங்க. எங்க ரேணுகா சொல்லிக் குடுத்தது" என்றேன். உண்மைதானே?

உன் அண்ணன் சும்மா இருக்கிறாரா? "அத்தெல்லாம் இல்லீங்க, சீம்பாலு. கன்னுக்குட்டிக்கு வுட்டுட்டுதான் கறந்தேன்" என்று மார் தட்டுகிறார். திவ்யா தட்டோடு உள்ளே ஓடிவிட்டாள். அந்தம்மா மடியில் கிடந்ததை எடுத்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார். "போயிட்டு சொல்றோம்" என்று எழுந்தார். அவ்வளவுதான்.

நான்கு நாளாகிறது. பெண் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள். கிண்டல் போகட்டும் ரேணுகா, நீ இரண்டு படி இறங்கிப் போய், தப்பு அம்மாக்காரியுடையது, பெண்ணுடையது இல்லை என்று சொல்லிவிடு. இனி என் வீட்டில் புட்டிங் என்ற பேச்சே கூடாது. நீயும் எனக்குச் சமையல் சொல்லாதே.

மோகனும் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருங்கள். உன் அடுப்படியில் அவன் உயிர் பிழைத்திருக்க நம்ம ஊர் மாரியாத்தா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அண்ணி வேண்டா

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது கார்த்தி அம்மா போன். ஜோசியர் ஊரில் இல்லாமல்தான் தாமதமாம். "ஐப்பசில நிச்சயம் வெச்சிக்கலாம் சம்மந்தி. அபார்ட்மெண்ட் லேடீஸ் நூத்தம்பது பேரு வராங்க. அதே புட்டிங் போட்டுடுங்க, சீம்பாலுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். திவ்யா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியதில் நானும் சரி என்றுவிட்டேன். ஊரப்பாக்கத்தில் ரோட்டில் படுத்திருக்கும் மாடுகளில் எது எது சினை என்று இன்றைக்கே போய்ப் பார்.