பறந்தவனும் கறுப்புச் சட்டைக்காரனும் ஒரு மூடைக் கிழங்கும்

அந்தச் சனிக்கிழமை கத்தியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். என் மனைவி எலிசா கருங்கல் சந்தையிலிருந்து ஒரு மூடை மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, கொண்டுவந்து இறக்கியிருந்தாள். தோலுரிக்க வேண்டும், வெட்ட வேண்டும், அவித்துக் காயவைக்க வேண்டும். காயவைப்பது வெயிலின் வேலை. உரிப்பதும் வெட்டுவதும் என் வேலை.

விருந்தாளி முன்னால் எலிசா புருஷனை ஏவ மாட்டாள். அந்த மரியாதை உண்டு. எனவே பக்கத்து வீட்டு டெய்லர் கோலப்பனை அழைத்து உட்காரவைத்தேன். அது 2012. சூப்பர் ஹீரோக்கள் கூட்டுக் குடும்பமாக ஒரே படத்தில் வந்து இறங்கிய வருஷம். இவர்களுக்கெல்லாம் வழிகாட்டிய பழைய படம் எது என்று ஒரு கேள்வியைப் போட்டேன்.

நான் துபாயில் இருந்தபோது இந்த வகைப் படம் ஒன்றையும் விட்டதில்லை. தோளில் சிவப்புத் துணியோடு பறந்தவன் படம்தான் என்றேன். மனுஷன் பறப்பான் என்று உலகத்தை நம்பவைத்ததே அதுதான்.

கோலப்பன் தொழில் புத்தியைக் காட்டினார்.

"வேய் கிளீட்டஸ், அவன் பேன்டுக்கு மேல ஜட்டி போட்டவன். இப்பம் எவன் அப்படிப் போடுகான்? வவ்வால் காது வச்ச கறுப்புச் சட்டைக்காரன் படம் வந்த பெறவுதான் எல்லாவனும் ரப்பர் உடுப்புக்கு மாறினான். மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டதும் அவனப் பாத்துதான்."

எலிசா கிழங்கோடு வந்து அருகில் உட்கார்ந்தாள். வேலை எதுவும் சொல்லவில்லை. எப்படிப் பறப்பான் என்று மட்டும் கேட்டாள். ஒரு கிழங்கை எடுத்துப் பறக்கவிட்டுக் காட்டினேன்.

"மண்ணு கொட்டுகு. தோல எடுத்துட்டுப் பறக்க விடுங்க" என்று கத்தியைத் தந்தாள்.

நியாயந்தானே. உரித்தேன். எதிரியும் பறந்து வர வேண்டும் என்று கோலப்பனுக்கும் ஒரு கிழங்கு, ஒரு கத்தி கொடுத்தாள்.

அப்புறம் அனல் பறந்தது. அவர் வாதத்தை நான் தோலுரித்தேன். என் வாதத்தை அவர் துண்டு துண்டாக்கினார். பேச்சு தணியும்போதெல்லாம் எலிசா அப்பாவியாக ஒன்றைக் கேட்பாள். பள்ளிக்கூடத்துப் பயலும் ஹீரோ ஆகலாம் என்று காட்டியது சுவரில் ஏறுகிறவன் படம் இல்லையா என்றாள். நாங்கள் மறுபடி கொதித்தோம்.

மதியம் தொண்டை வறண்டு, யார் ஜெயித்தது என்று அவளிடமே கேட்டு நிமிர்ந்தேன். மூடை காலி. கோலப்பன் மடி நிறையத் தோல். அண்டா நிறையத் துண்டு.

மானத்தைக் காப்பாற்ற, "சே, காலைல இருந்து வெட்டிப் பேச்சாப் போச்சு" என்றேன்.

எலிசா அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

"பேச்சு எனக்கு ஒண்ணும் புரியல்ல. வெட்டு நல்லா இருந்துது."