கிழவனுக்கு ஓர் அர்ச்சனை

பாரிஸ் லா ஷப்பல் பிள்ளையாருக்கு எத்தனையோ பேர் எத்தனையோ காரணங்களுக்காக அர்ச்சனை செய்திருக்கிறார்கள். விசா கிடைக்க, வீடு கிடைக்க, பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்க. ஆனால் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒருவன் பந்தை நீளமாக எறிய வேண்டும் என்று அர்ச்சனை செய்தவர் கொத்து அண்ணை ஒருவர்தான். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். மறுக்கிறவர்கள் அர்ச்சனைச் சீட்டோடு வரலாம்.

கொத்து அண்ணைக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிறவர். இரண்டு கையிலும் இரண்டு தகடுகளைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்புக்கல்லில் அவர் கொத்த ஆரம்பித்தால், தெருவில் போகிற பிரெஞ்சுக்காரர்கள் ஏதோ கச்சேரி என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நான் திருச்சிக்காரன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, தனிக்கட்டை, சனிக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேதான்.

அண்ணையின் வீடு பாரிஸை ஒட்டிய லா கூர்னெவில், அடுக்குமாடியில். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஒரு மைதானம். குடிவந்த புதிதில் அங்கே தலைக்கவசம் போட்டு, தோள் இரண்டும் வீங்கிய மாதிரி உடுப்புப் போட்ட தடியன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவதைப் பார்த்திருக்கிறார்.

"நான் நினைச்சன் தம்பி, கலவரம் அடக்கிற பொலிசுக்குப் பயிற்சி குடுக்கிறாங்கள் எண்டு. பயத்திலை ஜன்னலைச் சாத்திப்போட்டன். பிறகு பாத்தால் பக்கத்திலை சனம் நிண்டு கைதட்டுது. பொலிசுக்கு ஆர் கைதட்டுறது?"

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. கையால் எறிகிற விளையாட்டுக்கு எதற்கு ஃபுட்பால் என்று பெயர் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் ஏன் எண்டு கேட்டால் இந்த நாட்டிலை ஒரு நாள் இருக்கேலாது தம்பி" என்று வாயை அடைத்துவிட்டார்.

அப்புறம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம். குவாட்டர்பேக் என்று ஒருவன் உண்டு. அவன்தான் பந்தை எறிகிற ஆள். எதிராளிகள் அவனை வீழ்த்த ஓடி வருவார்கள். அதற்குள் அவன், தூரத்தில் ஓடுகிற தன் கூட்டாளி கையில் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பந்து எப்படி இருக்கும் என்று ஒருவர் கேட்டுத் தொலைத்தார். அண்ணை விறுவிறுவென்று எதிர்க் கடைக்குப் போய் ஒரு பப்பாளிப்பழத்தைத் தூக்கிவந்து, வாசலிலிருந்து எறிந்தே காட்டினார். பழம் தபால் பெட்டியில் மோதிச் சிதறியது. பழக்கடைக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"கத்தாதையும்! ஒருத்தன் அங்கை ஓடிப் பிடிச்சிருந்தால் ஆறு பொயின்ட்" என்றார் அண்ணை.

பார்சலைக் கையில் கொடுக்கிற வழக்கமும் போயிற்று. "முட்டைக் கொத்து ஒண்டு, பிடியும்!" என்று குரல் வரும், தலைகளுக்கு மேலே பொட்டலம் பறந்து வரும். பழகினவர்கள் பிடித்துவிடுவார்கள். பழகாதவர்கள் சட்டையை மாற்ற வீட்டுக்குப் போவார்கள்.

இதெல்லாம் அவர் தோள் நன்றாக இருந்த காலத்தில். போன வருஷம் வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பார்சலை இடது கையால் எறிந்தார். கொத்துகிற தாளத்தில் நடுநடுவே ஓர் அடி விழாமல் போயிற்று. கேட்டால், "குளிர் தம்பி, குளிர்" என்பார். ஜூலை மாதத்திலும் அதே குளிர்தான்.

கடை முதலாளிக்கு இது தெரியாமலா இருக்கும்? வவுனியாவிலிருந்து கொத்துப் போடத் தெரிந்த புது ஆள் ஒருவரை எடுத்தும்விட்டார். அண்ணையைக் கல்லாவில் உட்கார வைக்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் முதலாளி அண்ணையைவிட வயதில் இளையவர். கடை திறந்த நாளிலிருந்து அவரும் "அண்ணை, அண்ணை" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். அண்ணை என்று கூப்பிட்ட வாயால் "நீங்கள் கொத்தினது காணும், போதும்" என்று எப்படிச் சொல்வது? மனுஷன் தவியாய்த் தவித்தார். கடைசியில் அவருக்கு வழி காட்டியது அண்ணை வீட்டுக்கு எதிர் மைதானத்தில் ஆடுகிற லா கூர்னெவ் குழுவின் குவாட்டர்பேக்தான்.

அவன் பெயர் பஸ்கால். நாற்பதைத் தொடப் போகிற ஆள். அந்த விளையாட்டில் அது பழுத்த கிழம். அண்ணையே செல்லமாகக் கிழவன் என்றுதான் சொல்வார். அந்த வருஷம் அவன் கிட்டத்திலேயே பந்தைப் போட்டுக்கொண்டிருந்தான். நீளமாக எறிய அவனுக்குக் கை இருக்கிறதா இல்லையா என்று கடையில் ஒரே விவாதம். அதுவரை அந்த விளையாட்டைத் திரும்பியும் பார்க்காத முதலாளி திடீரென்று நிபுணர் ஆகிவிட்டார்.

"கிழவனை இருத்தோணும் அண்ணை. எவ்வளவு காலத்துக்கு எறியிறது? புது ஆளை விடோணும்."

"கிழவன்ரை கைக்கு என்ன குறை?"

"கையிலை பிழையில்லை, தோளிலைதான்."

"அவன்ரை தோளை நீங்கள் எங்கை கண்டனீங்கள்?"

"தெரியுது தானே அண்ணை. அவன்ரை அனுபவத்துக்கு, ஒரு கதிரையிலை இருந்து மற்ற ஆக்களைப் பாத்தால் காணும்."

யாருடைய தோள், எந்த நாற்காலி என்று ரொட்டிக்குக் காத்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அண்ணைக்குத் தெரியாதா? முகம் சிவந்துவிட்டது. தகடுகளைக் கல்லில் டங்கென்று வைத்தார்.

"முதலாளி, கேட்டுக்கொள்ளுங்கோ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி மட்ச். அதிலை கிழவன் ஒரு பந்தாவது நீளமா எறியேல்லையெண்டால், இந்தத் தகட்டை வைச்சிட்டு நானே கல்லாவிலை போய் இருக்கிறன். எறிஞ்சால், நான் சாகும்வரைக்கும் இந்தக் கல்லுப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது."

"சொன்னது சொன்னதுதானே அண்ணை?" என்று முதலாளி அவசரமாகக் கேட்டார். ரோசத்தில் "ஓம்" என்றுவிட்டார் இவரும்.

சொல்லிவிட்டாரே தவிர, மறுநாளே பயம் பிடித்துக்கொண்டது. என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். ஐயர், "ஆற்றை பேருக்கு அர்ச்சனை?" என்றார்.

"பஸ்கால்."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். பாரிஸில் இருக்கிற ஐயர், எதையும் பார்த்தவர். "நட்சத்திரம்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நட்சத்திரம் தெரியாவிட்டால் சாமி பெயருக்கே செய்துவிடலாம் என்றார் ஐயர்.

"சாமி பேருக்கு ஏன் ஐயா? சாமியே வந்து எறியப் போறார்?"

வேறு வழி? அன்று சாயங்காலம் மைதானத்து வாசலில் பயிற்சி முடிந்து வந்த பஸ்காலை மடக்கினோம். ஆள் கதவு உயரம். அண்ணை தன் பிரெஞ்சில் நேராக விஷயத்துக்கு வந்தார்: "மிஸ்யே, நீங்கள் எந்த வருஷம், எந்த நாள், எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள்?"

அந்த மலை மாதிரி ஆள் வெலவெலத்துப் போய்விட்டான். வயதைச் சோதிக்கக் குழு நிர்வாகம் ஆள் அனுப்பிவிட்டது என்று நினைத்திருக்கிறான். ஒரு வருஷத்தைச் சொன்னான். அண்ணை என் காதருகே வந்து, "வயசைக் குறைச்சுச் சொல்லுறான்" என்றார். பிறகு அவனிடம், "தம்பி, கிளப்புக்குப் பொய் சொல்லு. பஞ்சாங்கத்துக்குச் சொல்லாதை" என்று தமிழிலேயே அதட்டினார். நான் மொழிபெயர்த்து, அர்ச்சனை என்றால் என்ன என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பஸ்கால் கொஞ்ச நேரம் எங்களையே மாறி மாறிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அங்கேயே அம்மாவுக்கு ஃபோன் போட்டான். பிறந்த நேரத்தைப் பிள்ளை திடீரென்று கேட்டதும் அந்தம்மா பதறிப்போய், "எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாய்?" என்று கேட்டது எங்களுக்கே கேட்டது.

ஃபோனில் பஞ்சாங்கம் பார்த்ததில் பூரட்டாதி என்று வந்தது. அர்ச்சனை ஜாம்ஜாமென்று நடந்தது. கோத்திரம் கேட்டபோது அண்ணை கூசாமல் "லா கூர்னெவ்" என்றார். ஐயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சிவகோத்திரம் என்று சொல்லி, "பஸ்கால் நாமதேயஸ்ய" என்று முழங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை. முதலாளி கடையை மனைவியிடம் விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தே தீருவது என்று கடையிலிருந்தே கிளம்பிய எங்களோடு ரயிலேறினார். அண்ணையின் சட்டைப் பையில் திருநீறு. ஆட்டம் தொடங்கியது. கிழவன் கிட்டத்தில் எறிந்தான். மறுபடியும் கிட்டத்தில். மறுபடியும் கிட்டத்தில்தான்.

"இதை என்ரை மகளும் எறிவாள்" என்றார் முதலாளி.

"பொறுங்கோ" என்றார் அண்ணை. நேரம் ஆக ஆக அந்தப் பொறுங்கோவும் மெலிந்துகொண்டே வந்தது. அந்த மனிதர் தகடுகளைக் கீழே வைப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆட்டம் முடியப் போகிற நேரம். பந்து கிழவன் கைக்கு வந்தது. இரண்டு தடியன்கள் பாய்ந்து வருகிறார்கள். அவன் பின்னால் நகர்ந்து, ஒரு காலை ஊன்றி, உடம்பையெல்லாம் சேர்த்து எறிந்தான். அடேங்கப்பா! பந்து மழையைக் கிழித்துக்கொண்டு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மறுகோடியில் ஒரு நெட்டையன் ஓடிப்போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான்.

எல்லோருக்கும் முதலில் குதித்தது முதலாளி! தான் எந்தக் கட்சி என்பதே அவருக்கு மறந்துவிட்டது. "எறிஞ்சிட்டான் அண்ணை! கிழவன் எறிஞ்சிட்டான்!" என்று அண்ணையைக் கட்டிப்பிடித்து உலுக்கினார். தோளில் கை பட்டதும் அண்ணை "ஆ!" என்று சுருண்டார். முதலாளி கையை எடுத்துவிட்டு அப்படியே நின்றார்.

அண்ணையோ மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பஸ்கால் சேற்றில் உட்கார்ந்திருந்தான். கூட்டாளிகள் கைகொடுக்க ஓடி வருகிறார்கள். அவனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அதை இடது கையால் பிள்ளையைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

"பாவம், நோகுது அவனுக்கு" என்றார் அண்ணை. "இனி அவன் எறியக் கூடாது தம்பி. வீட்டிலை ஆரும் சொல்லமாட்டினமோ?"

பிறகு முதலாளி பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து அந்தப் புது ஆளைக் கல்லிலை விடுங்கோ."

"என்ன அண்ணை கதைக்கிறியள்? பந்தயத்திலை நீங்கள் வெண்டிட்டியள்!"

"வெண்டிட்டன் தானே. வெண்டபடியால்தான் சொல்லுறன்."

முதலாளி, மழை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அதே மழைதான்.

இப்போது கொத்து அண்ணை கல்லாவில் இருக்கிறார். புது ஆள் கொத்தும்போது அவர் விரல்கள் மேசையில் தாளம் போடும், ஓர் அடி தவறினால் "டேய்!" என்று சத்தம் வரும். கொத்தில் கொஞ்சம் உறைப்புக் கூடிவிட்டது, ரொட்டியும் முன்போல இல்லை. எங்கள் ஆபீஸ்காரர்கள் எல்லோரும் நாலு கடை தள்ளி இருக்கிற இடத்துக்கு மாறிவிட்டார்கள். அங்கே பிரமாதமாக இருக்கிறதாம். என்னையும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் போகவில்லை. அங்கே கொத்து மட்டும்தான் இருக்கிறது.